பெட்டி சிறுத்தது, ஒலி பெருத்தது

மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அகன்ற திரையுள்ள தொலைக்காட்சி ஒன்றை வாங்கி வைக்கிறோம். படம் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் திரையில் இடி இடிக்கும்போது தகரத்தைத் தட்டியது போல ஓர் ஓசை வருகிறது. கதாநாயகன் பேசுவது பாதி புரியவில்லை. ஒலிபெருக்கிகளை மாற்றலாம் என்று கடைக்குப் போனால், ஆள் உயரப் பெட்டிகளைக் காட்டி நம் ஓராண்டுச் சேமிப்பை விலையாகச் சொல்லுகிறார்கள். கையில் இருப்பதோ சிறு தொகை. அதைக் கொண்டு எதை முதலில் மாற்றுவது?

இந்தக் கேள்விக்கு விடை ஒலிபெருக்கியின் வரலாற்றிலேயே இருக்கிறது. பெரிய பெட்டியையும் பெரிய விலையையும் எதிர்த்து அறிவியல் நடத்திய போராட்டமே அந்த வரலாறு என்று சொன்னால் மிகையாகாது.

காகிதக் கூம்பு

இன்றைய ஒலிபெருக்கியின் அடிப்படை மிக எளியது. ஒரு காந்தத்தின் இடைவெளியில் மெல்லிய கம்பிச்சுருள் தொங்குகிறது. அதில் மாறுகின்ற மின்னோட்டம் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. சுருளோடு ஒட்டிய கூம்பு காற்றைத் தள்ளுகிறது; நாம் ஒலி கேட்கிறோம்.

ஜெர்மானியரான வெர்னர் சீமென்ஸ் 1874-ஆம் ஆண்டிலேயே இத்தகைய அசையும் சுருளுக்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் ஆலிவர் லாட்ஜ் 1898-இல் அதை ஒலிபெருக்கியாகவே வடிவமைத்தார். எனினும் பயன் விளையவில்லை. கூம்பை அசைக்கப் போதுமான மின்திறனைத் தரும் வெற்றிடக் குழாய்ப் பெருக்கி அப்போது இல்லை. அந்தப் பெருக்கி வந்த பிறகு, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் பணியாற்றிய செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் 1925-இல் தங்கள் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். நாம் இன்று வாங்கும் ஒலிபெருக்கி பெரும்பாலும் அவர்கள் வகுத்த வழியில் அமைந்ததுதான்.

அடுத்த ஆண்டு அது ரேடியோலா 104 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. உள்ளே இருந்த பெருக்கியின் திறன் ஒரு வாட் அளவுதான். விலையோ சுமார் 250 டாலர். 1925-இல் போர்டு கம்பெனியின் மாடல் டி காரை 260 டாலருக்கு வாங்க முடிந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், நல்ல ஒலி அக்காலத்தில் யாருக்கு உரியதாக இருந்தது என்பது விளங்கும்.

பெட்டி எதற்கு?

மாணவர்கள் இதை எளிதில் சோதித்துப் பார்க்கலாம். பழைய வானொலியிலிருந்து கழற்றிய ஒலிபெருக்கி ஒன்றைப் பெட்டியின்றிப் பாட விடுங்கள். ஒலி கீச்சென்று இருக்கும். பெரிய அட்டையில் அதன் கூம்பளவு வட்டம் வெட்டி, அதன்மேல் ஒலிபெருக்கியைப் பொருத்துங்கள். உடனே ஒலியில் கனம் கூடும்.

காரணம் இதுதான். கூம்பு முன்னே காற்றை அமுக்கும் அதே கணத்தில் பின்னே காற்றை இளக்குகிறது. கீழ்ச்சுர ஒலிகளில் முன் அலையும் பின் அலையும் ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ எட்டரை மீட்டர். அதற்கு முன் ஒரு சாண் கூம்பு எம்மாத்திரம்! எனவே பின் அலையைப் பெட்டிக்குள் அடைக்க வேண்டியதாயிற்று.

பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ் இதில் ஒரு நுட்பம் கண்டார். பெட்டியில் அளவறிந்து ஒரு துளை வைத்தால், குறிப்பிட்ட அதிர்வெண்ணை ஒட்டிப் பின் அலை முன் அலைக்குத் துணையாகும் விதத்தில் வெளியே வரும். 1932-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. ஆயினும் துளையையும் பெட்டியையும் கூம்புக்குப் பொருந்த அமைக்கும் கணக்கு அன்று யாருக்கும் கைவரவில்லை. பெட்டியைப் பெரிதாக்குவதே வழி என்று எண்ணினார்கள். 1950-களின் தொடக்கத்தில் நல்ல ஒலிபெருக்கி என்றால் குளிர்சாதனப் பெட்டி அளவுள்ள மரப்பெட்டி என்றே பொருள். அதை வைக்கப் பெரிய வீடும் வேண்டும்.

காற்றே வில்

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பில் ஒலிப்பதிவுக் கலையைப் பற்றிப் பாடம் நடத்தியவர் எட்கர் வில்ச்சர். பெட்டியைப் பெரிதாக்குவதை விட்டுவிட்டு, கூம்பை ஓரத்தில் பிடித்திருக்கும் தொங்கலை அவர் கவனித்தார். கூம்பு அசைந்தபின் மீண்டும் நடுநிலைக்கு வர ஒரு வில் தேவை. துணியாலும் காகிதத்தாலும் ஆன விறைப்பான தொங்கலே அன்று வில்லாக இருந்தது. கீழ்ச்சுரத்தில் கூம்பு அதிகம் அசையும்போது அந்த வில் சீராக இழுப்பதில்லை, ஒலி சிதைகிறது.

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அமுக்கிப் பாருங்கள். அது மேலே எழும்பி வரும். அடைபட்ட காற்றே ஒரு வில். துணியைவிடச் சீரான வில்! வில்ச்சர் தொங்கலைத் தளர்வாக்கினார். பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடினார். உள்ளே அடைபட்ட சிறிதளவு காற்றே கூம்பை மீட்கும் வேலையைச் செய்தது. இதில் விந்தை என்னவென்றால், இம்முறைக்குப் பெட்டி சிறியதாகவே இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் காற்றின் வில் தளர்ந்துபோகும்.

இருந்த கம்பெனிகள் இந்த யோசனையை ஏற்கவில்லை. அவருடைய வகுப்பில் படித்த ஹென்றி க்ளாஸ் என்ற இளைஞர் மட்டும் இதன் அருமையை உணர்ந்தார். இருவரும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற கம்பெனியைத் தொடங்கி, 1954-இல் ஏ.ஆர்.-1 என்ற ஒலிபெருக்கியை வெளியிட்டார்கள். பெட்டியின் நீளம் ஏறத்தாழ இரண்டடி. புத்தக அலமாரியில் அடங்கும். ஆனால் அதன் கீழ்ச்சுரம் ராட்சதப் பெட்டிகளுக்கு ஈடு கொடுத்தது.

பின்னர் அக்கம்பெனி துணிச்சலான ஒரு காட்சியை நடத்தியது. மேடையில் நால்வர் கொண்ட இசைக்குழு வாசிக்கும். இடையில் அவர்கள் வில்லை அசைப்பதுபோல நடிக்க, ஒலிபெருக்கிகள் பதிவு செய்த இசையைத் தொடரும். மாறிய இடம் எதுவென்று கேட்டவர்களில் பலரால் சொல்ல முடியவில்லை.

1958 வாக்கில் ஸ்டீரியோ இசைத்தட்டு வந்தபோது வீட்டில் ஒன்றுக்கு இரண்டு ஒலிபெருக்கிகள் தேவைப்பட்டன. கூடத்தில் இரண்டு குளிர்சாதனப் பெட்டிகளை நிறுத்த எவரும் விரும்பவில்லை. சிறிய பெட்டி வென்றது. வில்ச்சரின் காப்புரிமை நீதிமன்றத்தில் நிலைக்காமல் போனதால் மற்றவர்களும் அம்முறையைத் தாராளமாகக் கையாண்டனர்.

மூன்றில் இரண்டு

இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. ஏ.ஆர்.-1 கொடுத்த விலை என்ன? அதே ஒலி அளவுக்கு அது அதிக மின்திறனைக் கேட்டது.

1957-இல் க்ளாஸ் தனியே சென்று, மால்கம் லோ, ஆண்டன் ஹாஃப்மன் என்ற இருவரோடு கே.எல்.எச். கம்பெனியைத் தொடங்கினார். மூவர் பெயரின் முதலெழுத்துகளே கம்பெனியின் பெயர். ஹாஃப்மனின் பெயரால் இன்றும் ஓர் “இரும்பு விதி” வழங்குகிறது. ஆழமான கீழ்ச்சுரம், சிறிய பெட்டி, குறைந்த மின்திறனில் மிகுந்த ஒலி ஆகிய மூன்றையும் ஒருசேரப் பெற முடியாது. இரண்டைப் பெற்றால் மூன்றாவதை இழக்க வேண்டும்.

பழைய காலத்தில் மின்திறன் அரிதாக இருந்தது. ஆகவே பெட்டி பெருத்தது. பிறகு டிரான்சிஸ்டர் வந்தது, வாட் மலிவாயிற்று. மலிவானதைச் செலவிட்டு அரிதானதை மிச்சப்படுத்துவதே பொறியியல். க்ளாஸ் தம் வாழ்நாள் முழுவதும் இதைச் செய்தார். 1967-இல் அவர் நிறுவிய அட்வென்ட் கம்பெனி, விலை மிகுந்த ஒலிபெருக்கிகளுக்கு நிகராகப் பாதி விலையில் ஒன்றைத் தர வேண்டும் என்ற குறிக்கோளோடு தன் முதல் ஒலிபெருக்கியை உருவாக்கியது. ஒன்றின் விலை நூறு டாலரைச் சற்றே தாண்டியது. அடுத்து வந்த சிறிய அட்வென்ட் அதே ஆழத்தை இன்னும் சிறிய பெட்டியில் தந்தது. பதிலுக்கு மின்திறனைக் கூடுதலாகக் கேட்டது. இரும்பு விதி அங்கேயும் தவறவில்லை.

துளைப் பெட்டியின் கணக்கும் விரைவில் கைவந்தது. ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-இலும், சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்திலும் வெளியிட்ட கட்டுரைகள் பெட்டி அமைப்பதைத் தச்சரின் ஊகத்திலிருந்து கணிதமாக மாற்றின. இன்று மிக மலிவான ஒலிபெருக்கியும் அவர்களுடைய சமன்பாடுகளால் பயன்பெறுகிறது.

திரையரங்கு வீட்டுக்கு வந்தது

க்ளாஸ் ஒலிபெருக்கி விற்ற பணத்தைக் கொண்டு மற்றொரு கனவை வளர்த்தார். அது வீட்டுச் சுவரில் படம் வீழ்த்தும் தொலைக்காட்சி. 1970-களின் தொடக்கத்தில் அட்வென்ட் ஏழடித் திரைக்கான கருவியை விற்றது. பெரிய திரை வீட்டுக்கு வந்தது.

அதே அட்வென்டில் பணிபுரிந்த டாம்லின்சன் ஹோல்மன் பின்னாளில் லூகாஸ் ஃபிலிம் நிறுவனத்தில் சேர்ந்து, 1983-இல் திரையரங்குகளுக்கு டி.எச்.எக்ஸ். தர அமைப்பை உருவாக்கினார். 5.1 என்ற பெயரும் அவர் தந்ததே. ஐந்து முழு ஒலித்தடங்கள். கீழ்ச்சுரத்துக்கு மட்டும் ஒரு சிறு தடம்.

இந்தப் பிரிவினை ஏழை வீட்டுக்குப் பெரும் நன்மை செய்தது. ஒரே கூம்பு 80 ஹெர்ட்ஸில் எழுப்பும் ஒலியை அதே அளவில் 40 ஹெர்ட்ஸிலும் எழுப்ப வேண்டுமானால், நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். ஐந்து பெட்டிகளிலும் அந்த வல்லமையை வைத்தால் விலை எட்டாது. ஆனால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது எளிதில் அறியாது. அலையின் நீளம் நான்கு மீட்டருக்கு மேல்; நம் இரு காதுகளுக்கும் இடையே ஒரு சாண்தான். ஆகவே கனமான வேலை அனைத்தையும் சப்-ஊஃபர் என்ற ஒற்றைப் பெட்டியிடம் ஒப்படைத்துவிட்டு, மற்ற ஐந்தையும் சிறிதாகவும் மலிவாகவும் செய்யலாம்.

கண் செய்யும் சதி

விலை குறைந்ததும் நல்லதாக இருக்க முடியும் என்பதைக் கணக்கு காட்டியது. காதும் அதை ஒப்புக்கொண்டதா?

கனடா நாட்டின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் ஃபிலாய்ட் டூல் என்ற அறிஞர் 1980-களில் இதை ஆராய்ந்தார். திரைக்குப் பின்னே ஒலிபெருக்கிகளை மறைத்து வைத்து, கேட்போரை மதிப்பெண் இடச் செய்தார். சுவை ஆளுக்கு ஆள் மாறும் என்றே பலர் எண்ணியிருந்தனர். ஆனால் பெரும்பாலோர் ஒன்றையே விரும்பினர். எந்தச் சுரத்தையும் மிகையாக்காமலும் குறைக்காமலும் தரும் ஒலிபெருக்கியே அது.

1994-இல் டூலும் ஷான் ஆலிவும் நாற்பது பேரைக் கொண்டு நான்கு ஒலிபெருக்கிகளைச் சோதித்தார்கள். அவற்றுள் ஒன்று, சப்-ஊஃபரோடு கூடிய சிறிய, மலிவான தொகுதி. திரை மறைத்தபோது அது பெரிய, விலை மிகுந்த பெட்டிகளோடு தோள் உரசி நின்றது. திரையை விலக்கியதும் அதன் மதிப்பெண் சரிந்தது. ஒலி மாறவில்லை, கண் பார்த்தது, அவ்வளவே. சோதனைக்கு உட்பட்டவர்கள் ஒலிக்கருவிக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் என்பதும் கவனிக்கத் தக்கது.

நம் வீட்டுக்கு

இவ்வரலாறு நமக்குச் சொல்லும் வழி தெளிவானது. இருக்கும் சிறு ஒலிபெருக்கிகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கி எறிய வேண்டியதில்லை. இடி முழங்கவில்லை என்பது குறையானால், முதற் செலவு ஒரு நல்ல சப்-ஊஃபருக்குப் போகட்டும். அதை மூலையில் வைத்தால் சுவர்கள் கீழ்ச்சுரத்தைக் கூட்டித் தரும். மிகையானால் சற்று நகர்த்துங்கள். இதற்குக் காசு செலவில்லை. பேச்சு புரியவில்லை என்பது குறையானால், நடு ஒலிபெருக்கியைக் கவனியுங்கள். திரைப்பட உரையாடல் பெரும்பாலும் அதிலிருந்தே வருகிறது. அது அலமாரியின் உள்ளே புதைந்திராமல் விளிம்புக்கு வந்து, காதை நோக்கி இருக்கட்டும். புதிதாக வாங்கினால் இரு பக்கத்து ஒலிபெருக்கிகளோடு ஒரே குரல் உடையதாகப் பாருங்கள்.

பெட்டியின்மேல் அச்சிட்ட வாட் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். வாட்டை இரட்டித்தால் ஒலி மூன்று டெசிபெல்தான் கூடும். காதுக்கு அது சிறு மாற்றமே. பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் போடும் எண்ணுக்கு ஒழுங்கான அளவு முறையே கிடையாது.

முடிவாக, கடையில் இரண்டை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே உரப்பில் ஒலிக்கட்டும். சற்று உரத்தது எப்போதும் நல்லதுபோல் தோன்றும். நன்கு பழகிய ஒரு மனிதக் குரலைப் போடச் சொல்லுங்கள். பிறகு திரும்பி நின்று கொண்டு, எது எது என்று அறியாமல் கேளுங்கள்.

ஹென்றி க்ளாஸ் 2002-இலும், எட்கர் வில்ச்சர் 2011-இலும் மறைந்தார்கள். கார் விலைக்கு விற்ற ஒலியை அலமாரி அளவுக்கும் சம்பளக்காரர் கைக்கும் கொண்டு வந்தவர்கள் அவர்கள். அவர்கள் ஈட்டித் தந்த பயனைக் கண்ணிடம் தோற்றுவிடாமல் காப்பது நம் காதின் கடமை.