ஆறாத நகச்சுற்று... விரல் எலும்புக்கும் புற்றுநோய் பரவுமா?

விரல் நுனி சிவந்து வீங்கி, விண் விண்ணுனு தெறிச்சா நம்ம வீடுகளில் முதல் வைத்தியம் எலுமிச்சம்பழம்தான். ஓட்டை போட்டு விரலில் சொருகிவிடுவார்கள். குதிகால் வலி என்றால் எருக்க இலையும் சூடான செங்கல்லும். பெரும்பாலும் அது சாதாரண நகச்சுற்று, சாதாரண குதிகால் வலிதான். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மிக அரிதாக, உடம்பில் வேறு எங்கோ இருக்கும் புற்றுநோய் கை, கால் எலும்புக்கு வந்துவிட்டதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

இதற்கு மருத்துவப் பெயர் 'அக்ரோமெட்டாஸ்டாசிஸ்'. எலும்புக்குப் பரவும் புற்றுநோய்களில் இது சுமார் 0.1 சதவீதம், அதாவது ஆயிரத்தில் ஒன்று.

ஏன் இவ்வளவு அரிது?

புற்றுநோய் செல்கள் சிவப்பு மஜ்ஜை உள்ள எலும்புகளில்தான் எளிதாக வேர்பிடிக்கும். முதுகெலும்பு, இடுப்பு, விலா எல்லாம் அப்படித்தான். பெரியவர்களின் விரல் எலும்புகளில் அந்த மஜ்ஜை கிட்டத்தட்ட இல்லை.

கைக்கு வருவதில் முதலிடம் நுரையீரல் புற்றுநோய்க்கு. நுரையீரலில் இருந்து ரத்தம் நேராக இதயத்தின் இடப்பக்கம் போய், அங்கிருந்து உடம்பு முழுக்கப் பாய்கிறது. அதோடு செல்களும் விரல் நுனிவரை போய்விடலாம். கால் எலும்புகளுக்கு வருவது பெரும்பாலும் பெருங்குடல், சிறுநீரகம், சிறுநீர்ப்பை புற்றுநோய்கள். சிலருக்கு நுரையீரலில் நோய் இருப்பதே இந்த விரல் வீக்கத்தால்தான் தெரியவரும்.

எதனோடு குழம்பும்?

நகச்சுற்று, கவுட், மூட்டுவாதம், இன்னும் நம்ம ஊரில் எலும்புக் காசநோய். கிருமித்தொற்று என்று நினைத்து மாத்திரை மேல் மாத்திரை கொடுப்பார்கள், வாரங்கள் ஓடிவிடும். மருந்துக்கு அடங்காத வீக்கம் என்றால், கீறிவிடுவதற்கு முன் ஒரு எக்ஸ்ரே கேளுங்கள். எலும்பு அரித்திருந்தும் பக்கத்து மூட்டு கெடாமல் இருந்தால் மருத்துவருக்குச் சந்தேகம் வரும். உறுதி செய்வது பயாப்சிதான்.

முன்பு புற்றுநோய் சிகிச்சை எடுத்தவர், புகைப்பவர், விடாத இருமல் உள்ளவர் அதை மறைக்காமல் சொல்லணும். 'விரலுக்கும் இருமலுக்கும் என்ன சம்பந்தம்'னு விட்டுடாதீங்க.

சிகிச்சை உண்டா?

இந்த நிலையில் முழுக் குணம் அரிது. ஆனால் வலியைக் குறைக்க முடியும். ஒரே ஒரு முறை கதிர்வீச்சு கொடுத்தாலே பலருக்கு வலி தணியும். சிலருக்கு விரல் நுனியை அகற்ற வேண்டிவரும்.

தாம்பரம் பக்கம் இருப்பவர்கள் நுரையீரல் சந்தேகம் என்றால் 1928-ல் காசநோய்க்காகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியம் அரசு நெஞ்சக மருத்துவமனைக்குப் போகலாம். புற்றுநோய் என்று உறுதியானால், 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் பக்கம்தான். பழைய ஸ்கேன், பயாப்சி ரிப்போர்ட்களை மறக்காமல் எடுத்துட்டுப் போங்க.