நர்சிங் படிப்புக்கு முன்னால் ஒரு படிப்பு

நர்சு என்றதும் வெள்ளை உடையும் ஊசியும் ஞாபகத்துக்கு வரும். அந்த உடையைப் போடுவதற்கு முன்னால் அந்தப் பெண் என்ன படித்திருக்க வேண்டும் என்ற கேள்வி பலருக்கும் தோன்றாது. ஆனால் நூற்றைம்பது வருடங்களாக இந்தக் கேள்விக்குக் காலத்துக்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண்களில் யார் நர்சு ஆனார்கள், யார் ஆக முடியவில்லை என்பதைப் பெரும்பாலும் அந்தப் பதில்கள்தான் முடிவு செய்தன. இன்று உடற்கல்வியில் பட்டம் வாங்கிவிட்டு நர்சிங் சேர நினைக்கும் ஒரு பெண்ணும் இதே கேள்வியின் முன்னால்தான் நிற்கிறாள்.

சோழர் காலமும் சரபோஜி காலமும்

நோயாளியைக் கவனிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிது கிடையாது. குந்தவை தன் தந்தை சுந்தரசோழர் பெயரில் ஓர் ஆதுலசாலை அமைத்தாள். ஆதுலசாலை என்றால் மருத்துவமனை. பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு இன்னும் விவரமாகப் பேசுகிறது. அங்கே இருந்த வீரசோழன் ஆதுலசாலையில் 15 படுக்கைகள். ஒரு மருத்துவர், ஒரு அறுவை வைத்தியர், மருந்துக்கு மூலிகையும் விறகும் கொண்டு வர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள். இவர்களுக்கெல்லாம் என்ன கூலி என்பது வரை கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு பெண்கள் எங்கே வேலை கற்றார்கள் என்று மட்டும் அதில் இல்லை.

தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி (1798–1832) தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தை நடத்தினார். கண் நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களின் விவரங்கள் படங்களோடு சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. 1801-ல் அவர் ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதத்தில், சத்திரங்களில் தங்கும் நோயாளிகளுக்கு வைத்தியமும், பிரசவமாகும் ஏழைப் பெண்களுக்குக் கவனிப்பும் கொடுக்கப்படுவதைச் சொல்லியிருக்கிறார். கிராமங்களில் பிரசவம் பார்த்தது மருத்துவச்சிகள். அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது தாயும் மாமியாரும். அனுபவம் நிறைய இருந்தது. சான்றிதழ் கிடையாது.

முதல் மாணவிகள்

மதராசில் பிரசவ ஆஸ்பத்திரி 1844-ல் தொடங்கியது. 1854-ல் அங்கே மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு அனுமதி கொடுத்தது. லண்டனில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் தன் பள்ளியைத் தொடங்கியது 1860-ல். அதற்கு ஆறு வருடம் முன்பே இங்கே இந்த அனுமதி வந்துவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

அடுத்தது 1871. மதராஸ் அரசு பொது மருத்துவமனையில் நர்சுப் பயிற்சி ஆரம்பமாகிறது. கற்றுக்கொடுத்தவர்கள் இங்கிலாந்திலிருந்து வந்த நர்சுகள். சேர்ந்த மாணவிகள் நான்கே பேர். அந்த முதல் மாணவிகள் ஏற்கெனவே பிரசவம் பார்க்கும் படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தார்கள். அதாவது இந்தப் பக்கத்தில் நர்சிங் படிப்பு தொடங்கியதே இன்னொரு படிப்பை முடித்தவர்களை வைத்துத்தான். முன்னால் படித்தது அன்று வீணாகப் போகவில்லை.

அந்தச் சான்றிதழ் யாரிடம் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரத்தநாட்டிலோ பாபநாசத்திலோ நூறு பிரசவம் பார்த்த ஒரு மருத்துவச்சிக்கு அந்த வாசல் திறக்கவில்லை. அவளிடம் இருந்த அறிவைக் காகிதத்தில் எழுதி யாரும் கையெழுத்துப் போடவில்லை.

வார்டுக்கு முன்னால் வகுப்பு

ஆரம்பத்தில் நர்சு மாணவி என்றால் முதல் நாளே வார்டுக்குள் போய்விட வேண்டும். வேலை செய்துகொண்டே கற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ரெபெக்கா ஸ்ட்ராங் என்ற மேட்ரன் இதை மாற்றினார். 1893-ல் அவர் ஆரம்பித்த ஏற்பாட்டின்படி மாணவிகள் உடற்கூறு, உடலியங்கியல், சுகாதாரம் ஆகிய பாடங்களை முதலில் வகுப்பில் படித்துத் தேற வேண்டும். அதற்குப் பிறகுதான் நோயாளி பக்கத்தில் போகலாம். இதற்கு ஆயத்தப் பயிற்சி என்று பெயர். இன்று பி.எஸ்சி. நர்சிங் முதலாண்டில் இருக்கும் பாடங்களுக்கு இதுதான் தாய் வீடு.

முதல் உலகப் போரின்போது அமெரிக்கா இன்னும் ஒரு படி மேலே போனது. நர்சுகள் போதவில்லை. 1918 கோடையில் நியூயார்க் மாநிலத்து வாசர் கல்லூரியில் ஒரு முகாம் நடந்தது. வேறு வேறு பாடங்களில் பட்டம் வாங்கிய நானூறுக்கும் மேற்பட்ட பெண்கள் வந்தார்கள். மூன்று மாதத்தில் அவர்களுக்கு வேதியியல், நுண்ணுயிரியல், உடற்கூறு, உணவியல் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். வழக்கமான மூன்று வருடப் பயிற்சி அவர்களுக்கு இரண்டு வருடமாகக் குறைந்தது. ஒரு பட்டத்துக்கு நர்சிங் பள்ளி மதிப்புக் கொடுத்து காலத்தைக் குறைத்த முக்கியமான சோதனை இது.

வேலூரும் 1926 சட்டமும்

தமிழ்நாட்டில் ஐடா ஸ்கடர் வேலூரில் 1909-ல் நர்சுப் பள்ளியைத் தொடங்கினார். அவருடைய மகளிர் மருத்துவப் பள்ளி வந்தது 1918-ல். அதாவது பெண் டாக்டர்களை உருவாக்குவதற்கு ஒன்பது வருடம் முன்பே நர்சுகளை உருவாக்க ஆரம்பித்துவிட்டார். 1926-ல் மதராஸ் நர்சுகள், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பதிவு, கவுன்சில், தேர்வு என்று எல்லாம் ஒழுங்குக்கு வந்தன.

ஒழுங்கு வந்தாலும் மாணவிகள் வரவில்லை. அந்நிய ஆணின் உடம்பைத் தொட வேண்டும், மலமூத்திரம் எடுக்க வேண்டும், இரவு வேலை பார்க்க வேண்டும் என்பதால் இந்த வேலையைக் கேவலமாக நினைத்தவர்கள் நிறைய. அதனால் நீண்ட காலம் இந்தத் தொழிலில் கிறிஸ்தவப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களுமே அதிகம் இருந்தார்கள். நிலம் வைத்திருந்த தஞ்சைக் குடும்பங்கள் ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுத்தன. ராசா மிராசுதார் மருத்துவமனை என்ற பெயரே அதற்குச் சாட்சி. ஆனால் அந்த வீடுகளிலிருந்து நர்சுகள் வந்தது அபூர்வம். மறுபக்கம் வயலில் நடவு நட்ட பெண்களுக்குக் கூச்சம் ஒரு தடையே இல்லை. அவர்களுக்குத் தடையாக இருந்தது பள்ளிக்கூடம்.

1946-ல் வெளியான போர் குழு அறிக்கை நிலைமையை எண்ணிக்கையில் சொன்னது. அப்போது பிரிட்டிஷ் இந்தியாவில் சுமார் 7,000 நர்சுகள். அதாவது 43,000 பேருக்கு ஒரு நர்சு. 500 பேருக்கு ஒருவர் என்ற நிலை வேண்டும் என்றது குழு. அதே 1946-ல் வேலூரிலும் டெல்லியிலும் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947-ல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது.

தஞ்சைக்கு வந்த கல்லூரி

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1950-களின் கடைசியில், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது வந்தது. ராசா மிராசுதார் மருத்துவமனை அதோடு இணைந்தது. அப்போது இன்றைய திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எல்லாமே தஞ்சாவூர் மாவட்டம்தான். ஆகவே காவிரி டெல்டா முழுவதுக்கும் ஒரே மருத்துவக் கல்லூரி. திருவாரூருக்கு மருத்துவக் கல்லூரி 2010-ல்தான் கிடைத்தது, நாகப்பட்டினத்துக்கு 2022-ல்.

தமிழ்நாட்டில் 1978-ல் ப்ளஸ் டூ வந்ததும் நர்சிங்குக்கான ஆயத்தப் படிப்பு பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்டது. கிளாஸ்கோவில் பயிற்சிப் பள்ளி செய்த வேலையை இங்கே உயிரியல் குரூப் செய்யத் தொடங்கியது. தொழிற்கல்விப் பிரிவில் நர்சிங்கே ஒரு பாடமாகவும் வந்தது. இதில் ஒரு வசதி உண்டு. கிராமத்து அரசுப் பள்ளியில் படிக்கும் பெண்ணும் தயாராகலாம். ஒரு சிக்கலும் உண்டு. பதினைந்து வயதில் எந்த குரூப் எடுக்கிறாளோ, அதுவே இருபத்திரண்டு வயதிலும் அவளைத் துரத்தும்.

உடற்கல்விப் பட்டம்

இந்தச் சிக்கல் நன்றாகத் தெரிவது உடற்கல்வி படித்தவர்களிடம்தான். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் மதராசில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே இந்த வகையில் முதல் கல்லூரி இது என்பார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனவரும் இவர்தான். 2005-ல் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் ஆரம்பித்தது. இங்கெல்லாம் மூன்று வருட உடற்கல்விப் பட்டத்தில் விளையாட்டு மட்டும் இல்லை. உடற்கூறு, உடலியங்கியல், உடல் அசைவியல், உணவு, முதலுதவி எல்லாம் பாடத்திட்டத்தில் வருகின்றன.

பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். முதல் செமஸ்டரில் உடற்கூறு, உடலியங்கியல், உளவியல், சமூகவியல், நர்சிங் அடிப்படைகள். இரண்டாவதில் உயிர்வேதியியல், உணவியல், முதலுதவி. இதில் பாதி ஓர் உடற்கல்வி மாணவிக்குப் பழகியது. நோயாளியைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது தன் இடுப்பு பிடிக்காமல் எப்படி நிற்பது, படுத்தே கிடப்பவரின் மூட்டுகளை எப்படி அசைத்துவிடுவது, அறுவை சிகிச்சை முடிந்தவரை எப்படி எழுப்பி நடக்க வைப்பது ஆகியவை நர்சின் தினசரி வேலைகள். உடல் அசைவியல் படித்தவளுக்கு இவற்றின் காரணம் முன்பே தெரிந்திருக்கும். தெரியாதவை மூன்றாவது செமஸ்டரில் வருகின்றன: நுண்ணுயிரியல், மருந்தியல், நோய்க்குறியியல். கிருமி எப்படிப் பரவும், மருந்தின் அளவு எப்படிக் கணக்கிடுவது என்பதை மைதானம் கற்றுத் தராது.

வருடக் கணக்கு

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ப்ளஸ் டூவில் உயிரியல் படித்த பெண் உடற்கல்விப் பட்டம் வாங்கிவிட்டு பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தால் 3 + 4 = 7 வருடம். முன்பு படித்த உடற்கூறுக்காக ஒரு மாதம்கூடக் குறையாது. ப்ளஸ் டூவில் உயிரியல் இல்லையென்றால் பி.எஸ்சி. வாசலே இல்லை. அவளுக்கு மிச்சமிருப்பது மூன்று வருட டிப்ளமோ நர்சிங். அதற்கு எந்த குரூப் படித்தவரும் விண்ணப்பிக்கலாம், அறிவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை. 35 வயது வரை சேரலாம் என்பதும் ஒரு ஆறுதல். அப்போது 3 + 3 = 6 வருடம். பட்டமும் வேண்டுமென்றால் டிப்ளமோவுக்குப் பிந்தைய பி.எஸ்சி. இன்னும் 2 வருடம், மொத்தம் 8.

அமெரிக்காவில் வாசர் முகாமின் யோசனை பிற்காலத்தில் நிரந்தரமாகிவிட்டது. 1971-ல் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் வேறு பட்டம் பெற்றவர்களுக்கென்று ஒரு விரைவு நர்சிங் பட்டத்தைத் தொடங்கியது. இப்போது அங்கே இப்படிப்பட்ட படிப்புகள் பல இடங்களில் உண்டு, பெரும்பாலும் 12 முதல் 18 மாதம். உடற்பயிற்சி அறிவியல் படித்தவர்கள் விடுபட்ட நுண்ணுயிரியல் போன்ற பாடங்களை மட்டும் தனியாக எழுதித் தேறிவிட்டுச் சேர்கிறார்கள். அங்கே 4 வருடப் பட்டத்தோடு ஒன்றரை வருடம் சேர்த்தால் ஐந்தரை வருடம்.

ஒன்றரை வருடம் என்பது நடுத்தரக் குடும்பத்துக்குச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஒரு போகம் பொய்த்தால் அடுத்த வருடப் ஃபீஸ் எங்கே என்று தேடும் டெல்டா விவசாயக் கூலி வீட்டில் அது படிப்பையே நிறுத்திவிடும். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கவில்லையென்றால் குறுவை கையை விட்டுப் போகும். அப்போது முதலில் வெட்டுப்படும் செலவுகளில் பெண் பிள்ளையின் படிப்பும் ஒன்று.

இனி

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. இதில் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கும் பெண் தன்னார்வலர், இயன்முறை மருத்துவர், நர்சு ஆகியோர் வீட்டுக்கே போகிறார்கள். சர்க்கரை நோயாளிக்கு மாத்திரையோடு நடையும் வேண்டும். பக்கவாதம் வந்தவருக்கு ஊசியோடு கை கால் பயிற்சியும் வேண்டும். வருடக்கணக்காகக் குனிந்து நாற்று நட்ட பாட்டிக்கு இடுப்பு வலி ஏன் வருகிறது என்று புரிந்த ஆள் வேண்டும். உடற்பயிற்சியும் நர்சிங்கும் சேர்ந்து படித்தவர்களுக்கு வேலை காத்திருக்கிறது என்று இதிலிருந்தே தெரிகிறது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், நர்சிங்குக்கு முன்னால் படித்த படிப்புக்கு உரிய மதிப்பைக் கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிய யோசனை இல்லை. 1871-ல் மதராஸ் பொது மருத்துவமனை அப்படித்தான் தன் முதல் மாணவிகளைத் தேர்ந்தெடுத்தது. அன்று மருத்துவச்சி படிப்பு படிக்கட்டாக இருந்தது. தெரிந்த பாடத்துக்கு ஒரு தேர்வு, தெரியாத பாடத்துக்கு வகுப்பு, வார்டுப் பயிற்சியில் ஒரு மணி நேரம்கூடக் குறையாமை என்று ஓர் ஏற்பாடு வந்தால் உடற்கல்விப் பட்டமும் அப்படி ஒரு படிக்கட்டாகும். அது வரும் வரை, உடற்கல்வி எடுக்கும் பெண்கள் ப்ளஸ் டூவிலேயே உயிரியலை விடாமல் இருப்பது நல்லது. பிறகு மனம் மாறி நர்சிங் பக்கம் போக நினைத்தால் அப்போது வாசல் மூடியிருக்காது.