தொலைக்கட்டுப்பாட்டு மாதிரி விமானச் சிமுலேட்டர்

தொலைக்கட்டுப்பாட்டு மாதிரி விமானத்தைக் கணினித் திரையில் ஓட்டிப் பழக உதவும் மென்பொருள். 1929இல் எட்வின் லிங்க் அமைத்த பயிற்சிப் பொறி விமானியை உள்ளே அமர்த்தியது. இதிலோ, தரையில் ஒரே இடத்தில் நிற்பவர் காணும் காட்சியே திரையில் விரியும். களத்தில் கையாளும் கட்டுப்பாட்டுக் கருவியையே யூஎஸ்பி வழியாகக் கணினியுடன் இணைப்பது நன்று. விரல்கள் அதற்கே பழகும். புதியவரின் விமானத்தைப் பெரும்பாலும் வீழ்த்துவது திசைக் குழப்பம்: விமானம் தம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தோன்றும். கை தானாகச் சரியான பக்கம் அசையும்வரை அந்நிலையைத் திரும்பத் திரும்பப் பழகவேண்டும். இரு பருவக்காற்றுகளும் மழை கொண்டுவரும் இலங்கையின் பேராதனை போன்ற இடங்களில், மழைநாளிலும் இப்பயிற்சியை வீட்டிலிருந்தே செய்யலாம். இத்தகைய மென்பொருள்களில் ரியல்ஃபிளைட் விலைக்குரியது; சிஆர்ஆர்சிசிம் இலவசம். மலைச்சரிவில் சுழலும் காற்றையும் தூரத்தைக் கணிக்கும் பழக்கத்தையும் திரை முழுமையாகத் தராது. முதற் பறப்புகளில் அனுபவமுள்ள ஒருவர் அருகில் நிற்பது அவசியம்.