கருமை என்னும் வண்ணம்: கெர்ரி ஜேம்ஸ் மார்ஷலின் ஓவிய வாழ்வு

அமெரிக்க ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷலைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அவர் யாரை வரைந்தார் என்பதையே பேசுகின்றன. அருங்காட்சியகங்கள் நெடுங்காலம் ஒதுக்கிவைத்த கறுப்பின மக்களை அவர் அங்கே கொண்டுவந்தார் என்பது மெய்யே. ஆயினும் அதற்கு வழி திறந்தது, கருப்பு நிறமியை அவர் கையாண்ட முறை. அவரது அரசியலை நிறக்கலவையிலிருந்து பிரித்துப் படிக்க இயலாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அலபாமாவின் பர்மிங்காமில் 1955-இல் பிறந்த மார்ஷல், 1963-இல் குடும்பத்தோடு லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ஓட்டிஸ் கலைக் கல்லூரியில் சார்ல்ஸ் வைட் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். கறுப்பின மனிதரை வரலாற்றுப் பெருமிதத்தோடு வரைவதை வாழ்நாள் பணியாகக் கொண்டிருந்தவர் வைட். மார்ஷல் அவரிடமிருந்து உருவ ஓவியத்தின் மீதான பற்றைப் பெற்றார். தமக்கான கருமையைத் தாமே தேடிக்கொண்டார்.

அத்தேடலின் முதல் விளைவு, 1980-இல் முட்டைக்கரு வண்ணத்தில் தாளில் அவர் தீட்டிய சிறு ஓவியம். தன் முந்தைய இருப்பின் நிழலாக ஒரு கலைஞன் என்ற பொருளில் அதற்குத் தலைப்பிட்டார். கரிய பின்புலத்தில் கரிய உருவம். கண்களும் பற்களும் சட்டையின் வெண்மையுமே முதலில் புலப்படுகின்றன. ரால்ஃப் எலிசனின் நாவல் பேசிய ‘காணப்படாமை’ இங்கே ஓவியச் சிக்கலாக மாறுகிறது: இருந்தும் தெரியாத மனிதனை எப்படித் தீட்டுவது?

இவ்வுருவம் தட்டையானது. கேலிச்சித்திர மரபின் சாயலும் அதில் வேண்டுமென்றே படிந்திருக்கிறது. பிந்தைய படைப்புகளில் மார்ஷல் இத்தட்டைத்தன்மையைக் கடந்தார். தந்தக் கருப்பு, கரிக் கருப்பு, இரும்பு ஆக்சைடால் ஆன மார்ஸ் கருப்பு ஆகிய மூன்றையும் தனித்தனி வண்ணங்களாகவே அவர் கருதினார். அவற்றோடு கோபால்ட் நீலம், குரோமியப் பச்சை போன்றவற்றைக் கலந்து குளிர்ந்த கருமையையும் வெம்மையான கருமையையும் உண்டாக்கினார். வெள்ளை சேர்த்து வெளிறச் செய்யாமலேயே முகத்துக்குத் திரட்சி கிடைத்தது.

1993-இன் ‘டி ஸ்டைல்’ இதற்குச் சான்று. முடிதிருத்தகம் ஒன்றின் அன்றாடக் காட்சியை, ஐரோப்பிய வரலாற்று ஓவியங்களுக்குரிய பேரளவில் இது நிறுத்துகிறது. முடிதிருத்துபவரின் உயர்ந்த கை ஆசி வழங்கும் கிறிஸ்துவை நினைவூட்டுகிறது. சிவப்பும் நீலமும் மஞ்சளும் டச்சு ஓவியர் மோந்திரியானை அழைத்துவருகின்றன. இத்தனை மரபுகளுக்கு நடுவிலும் காட்சியைத் தாங்கி நிற்பது மனிதர்களின் கருமையே.

எல்லா உருவங்களையும் ஒரேபோல் கரியதாக்குவது தனிமனித அடையாளத்தை அழிக்காதா என்று கேட்கலாம். அசல் ஓவியத்தின் முன் நின்றால் ஐயம் தளர்கிறது. அச்சுப்படி விழுங்கிவிடும் நிறவேறுபாடுகள் அங்கே ஒவ்வொன்றாகத் துலங்குகின்றன. பார்வையாளரின் பொறுமையைக் கோருவதும் அவரது அரசியலின் பகுதியே.

ஆகவே இவ்வோவியங்கள் மக்கள் கண்ணெதிரே இருக்க வேண்டியவை. ஆயினும் சந்தை அவற்றை விலைப்பொருளாகவும் பார்க்கிறது: 2018 மே மாதத்தில் அவரது ‘பாஸ்ட் டைம்ஸ்’ ஓவியம் ஏலத்தில் 2.11 கோடி டாலருக்கு விலைபோனது. அதே ஆண்டில், கிளை நூலகம் ஒன்றுக்காக 1995-இல் அவர் வரைந்த ‘நாலெட்ஜ் அண்ட் ஒண்டர்’ ஓவியத்தை விற்க முனைந்த சிகாகோ நகர நிர்வாகம், எதிர்ப்புக்குப் பின் அம்முயற்சியைக் கைவிட்டது. எதிர்த்தவர்களுள் மார்ஷலும் ஒருவர். நின்று நிதானமாகப் பார்ப்பவருக்கே முழுமை தரும் ஓர் ஓவியத்தைப் பொதுவெளியிலிருந்து அகற்றுவது, அதன் கருமைக்குள் அவர் அமைத்த பொருளையே பறிப்பதாகும்.