ஆளியில் பிறந்து பிச்சியில் மணக்கும் பெயர்

லினோலெனிக் ஒரு கொழுப்பு அமிலம். லத்தீனில் ‘லினம்’ என்றால் ஆளிச்செடி, ‘ஓலியம்’ என்றால் எண்ணெய். ஆலிவின் எண்ணெயை மட்டும் குறித்த ‘ஓலியம்’ நாளடைவில் எல்லா எண்ணெய்க்கும் பொதுவாயிற்று. எள்ளின் நெய்யாகிய ‘எண்ணெய்’ நம் மொழியில் போன வழியும் அதுவே. 1844இல் ஜெர்மனியில் வேதியியலாளர் லீபிக்கின் ஆய்வுக்கூடத்தில் ஆளி எண்ணெயிலிருந்து லினோலெயிக் அமிலத்தைப் பிரித்தார்கள். அதில் இரட்டைப் பிணைப்பு இரண்டு. மூன்று உடைய அதன் உறவுக்கு, அதே பெயரைச் சற்றே திருத்தி லினோலெனிக் என்றார்கள்.

பெயர் விதையைச் சொல்கிறது. அமிலமோ இலையிலும் மண்டிக் கிடக்கிறது. பசுங்கணிகத்தின் தைலகாய்டு சவ்வுகளிலுள்ள கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, மூன்று இரட்டைப் பிணைப்பு உள்ளவை. ஒளியை வாங்கும் இடத்திலேயே இவ்வளவு குவிந்திருந்ததால், ஒளிச்சேர்க்கைக்கு இது இன்றியமையாதது என்று நம்பினார்கள். நியாயமான நம்பிக்கைதான்.

அமெரிக்காவில் மெக்கான், ஜான் பிரௌஸ் என்ற ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியான அரபிடாப்சிஸில், மூன்றாவது பிணைப்பை உண்டாக்கும் மூன்று மரபணுக்களும் பழுதான திடீர்மாற்றச் செடியை உருவாக்கி, 1996இல் முடிவை வெளியிட்டார்கள். லினோலெனிக் அமிலம் அதில் ஏறக்குறைய இல்லை. ஆனாலும் 22 டிகிரி செல்சியஸில் செடி வளர்ந்தது, ஒளிச்சேர்க்கையும் ஏறக்குறைய இயல்பாகவே நடந்தது. கெட்டுப்போனது மகரந்தம். பூத்தும் விதை பிடிக்கவில்லை. லினோலெனிக் அமிலத்தையோ ஜாஸ்மோனேட் என்ற சேர்மத்தையோ மொட்டுகளுக்குக் கொடுத்ததும் விதை பிடித்தது.

இந்த ஜாஸ்மோனேட்டைச் செடி லினோலெனிக் அமிலத்திலிருந்தே செய்துகொள்கிறது. அதன் பெயரோ மல்லிகையிலிருந்து வந்தது. பாரசீக ‘யாஸமன்’ அரபியில் ‘யாஸமீன்’ ஆகி, ஐரோப்பாவில் ‘ஜாஸ்மின்’ ஆனது. ஜாஸ்மோனேட்டின் மெத்தில் வடிவத்தை 1962இல் ஜாஸ்மினம் கிராண்டிஃபுளோரம் பூவின் வாசனை எண்ணெயிலிருந்து பிரித்ததால் அந்தப் பெயர். நம் ஊர்ப் பிச்சிப்பூ, ஜாதிமல்லி என்பதும் அந்தப் பூதான். ஆளியின் பெயர் தாங்கிய அமிலம் மல்லிகையின் பெயர் தாங்கிய சேர்மமாக உருமாறுகிறது. வேதியியலில் இதைவிட அழகான பெயர்த்தொடர் எனக்குத் தெரியாது.

லினோலெனிக் இல்லாமலே ஒளிச்சேர்க்கை நடக்கிறது என்றால், அதற்கு இந்த அமிலக் குடும்பமே வேண்டாமா? மெக்கானும் பிரௌஸுமே 1998இல் இன்னொரு செடியைக் காட்டினார்கள். அதில் லினோலெயிக்கும் இல்லை, லினோலெனிக்கும் இல்லை. இலை வெளிறியது, ஒளிச்சேர்க்கை குலைந்தது. வளர்ப்பு ஊடகத்தில் சர்க்கரை சேர்த்துக் கொடுத்தால்தான் அது உயிர்பிழைத்தது.