0.998: வேகப் பயிற்சி ஆய்வில் ஒரு பாடபேதம்

முதியோரின் அறிவாற்றல் தளர்ச்சிக்கு மருந்தோ அறுவையோ இன்றித் தரப்படும் பயிற்சிகளுள் மிக நீண்ட காலம் பின்தொடரப்பட்டவற்றில் ஒன்று, கணினித் திரையில் தரப்படும் செயலாக்க வேகப் பயிற்சி. அதன் தொடக்கத்தை எந்த ஆண்டில் வைப்பது என்பது இன்னும் தீரவில்லை. பார்வையால் இடமறிதல், முதுமை, பழக்கம் ஆகியவற்றை இணைத்து ராபர்ட் செகுலரும் கார்லின் பாலும் எழுதிய கட்டுரை 1986-இல் வந்தது. ‘பயன்படு பார்வைப்புலம்’ பயிற்சியால் விரியும் என்று பாலும் அவருடைய கூட்டாளிகளும் காட்டியது 1988-இல். கருத்தின் பிறப்பைத் தேடுவோர்க்கு முன்னது, சோதனையின் வடிவத்தைத் தேடுவோர்க்குப் பின்னது.

பயிற்சி எளிமையானது. திரையின் நடுவில் ஒரு காரோ லாரியோ ஒரு நொடிக்கும் குறைந்த நேரம் தோன்றி மறைகிறது. அதே கணத்தில் ஓரத்தில் எட்டு இடங்களுள் ஒன்றில் இன்னொரு கார் தோன்றுகிறது. நடுவில் வந்தது எது, ஓரத்தில் வந்தது எங்கே என்று இரண்டையும் சொல்ல வேண்டும். விடை சரியாக அமைய அமையக் காட்சி நேரம் சுருங்கும். பிறகு சுற்றிலும் முக்கோணங்கள் மொய்த்துக் கண்ணை ஏமாற்றும்.

இப்பயிற்சிக்கு வரலாற்றில் இடம் தந்தது அமெரிக்காவின் ஆக்டிவ் ஆய்வு. 1998-இல் ஆள்சேர்ப்பு தொடங்கி, 65 முதல் 94 வயது வரையுள்ள 2,832 பேர் குலுக்கல் முறையில் நினைவாற்றல், தருக்கம், வேகம், பயிற்சியற்றோர் என நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். பயிற்சி பத்து அமர்வுகள். பயிற்சி பெற்றவர்களுள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்குப் பின்னர் ‘பூஸ்டர்’ எனும் மறுபயிற்சி அமர்வுகளும் வழங்கப்பட்டன. 2002-இல் வந்த முதல் அறிக்கைப்படி, பயிற்சி முடிந்த உடனே வேகக் குழுவில் 87, தருக்கக் குழுவில் 74, நினைவாற்றல் குழுவில் 26 விழுக்காட்டினர் அவரவர் பயின்ற திறனில் முன்னேறியிருந்தனர். ஆனால் இரண்டாண்டுகள் கழித்தும் அன்றாடச் செயல்களில் மாற்றம் தென்படவில்லை.

இந்த வரலாற்றை இன்று பலரும் 2017-இலிருந்து பின்னோக்கிப் படிக்கின்றனர். ஜெரி எட்வர்ட்ஸ் குழுவினர் அவ்வாண்டு வெளியிட்ட கட்டுரை, வேகப் பயிற்சி பத்தாண்டுகளில் டிமென்ஷியா இடரை 29 விழுக்காடு குறைத்ததாகக் கூறியது. இந்த வாசிப்பை அப்படியே ஏற்க முடியாது. மூலத்தில் நிற்கும் எண்களைக் கல்வெட்டின் எழுத்துகளைப் போல ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். பயிற்சியற்றோரோடு ஒப்பிட வேகக் குழுவின் இடர் விகிதம் 0.71. நம்பக இடைவெளி 0.50 முதல் 0.998 வரை. பி-மதிப்பு 0.049. மேல் எல்லையை மட்டும் மூன்று தசம இடங்களுக்கு எழுதியதற்குக் காரணம் வெளிப்படை: இரண்டு இடங்களோடு நிறுத்தியிருந்தால் அது 1.00 ஆகி, ‘பயனில்லை’ என்ற கோட்டைத் தொட்டிருக்கும்.

அடுத்த வரி இன்னும் முக்கியமானது. நினைவாற்றல் குழுவின் விகிதம் 0.79, தருக்கக் குழுவின் விகிதமும் 0.79. இவை ‘பயனற்றவை’ என்றும் 0.71 ‘பயனுள்ளது’ என்றும் பிரிக்கப்பட்டன. 0.71-க்கும் 0.79-க்கும் உள்ள இடைவெளி பயிற்சியின் தன்மையால் வந்ததென்று இவ்வெண்களை வைத்து நிறுவ முடியாது. பாடபேதமும் உண்டு: 2016-இல் டொராண்டோ மாநாட்டில் அறிவிக்கப்பட்ட குறைவு 33 விழுக்காடு, அச்சில் வந்தது 29. அதே தரவுக்கு இரு எண்கள் கிடைக்கின்றன என்றால், முடிவு பகுப்பாய்வில் செய்யும் தெரிவுகளைச் சார்ந்து அசைகிறது என்றே பொருள். 260 பேருக்கு டிமென்ஷியா என்று கணக்கிட்டதும் முழு மருத்துவப் பரிசோதனையால் அன்று, நேர்காணலையும் சோதனை மதிப்பெண்களையும் சேர்த்துத்தான். இதே ஆய்வின் ஐந்தாண்டுத் தரவை வைத்து 2012-இல் அன்வர்சாக்ட் குழுவினர் டிமென்ஷியாவில் எந்தப் பயிற்சியின் தாக்கத்தையும் காணவில்லை. கூடுதலான ஒவ்வோர் அமர்வும் இடரை 10 விழுக்காடு குறைத்தது என்ற கூற்றிலும் எச்சரிக்கை தேவை. மறதி தொடங்கிவிட்டவரே அமர்வுகளைத் தவறவிடுவார். அப்படியானால் காரணமும் விளைவும் இடம் மாறிவிடும்.

இந்த ஆரவாரத்தில் மறைந்துபோனது மனநிலை பற்றிய பதிவு. 2009-இல் வொலின்ஸ்கி குழுவினர், பயிற்சி முடிந்த ஓராண்டில் வேகக் குழுவில் மனச்சோர்வு புதிதாகத் தொடங்கும் வாய்ப்பு 38 விழுக்காடு குறைந்திருந்ததாகக் காட்டினர். முன்பே மனச்சோர்வில் இருந்தவர்கள் மீள்வதற்கு அது உதவவில்லை. இது கேள்வித்தாளில் பெற்ற விடைகளின் முடிவு, ஆய்வின் முதன்மை இலக்கும் அன்று. சான்று மெலிந்தது. ஆயினும் இதை ஒதுக்கிவிடக் கூடாது. வேகப் பயிற்சி பெற்ற முதியோர் கார் ஓட்டுவதைக் கைவிடுவது குறைந்ததாக அதே 2009-இல் வேறொரு கட்டுரை தெரிவித்தது. வாழ்க்கை தன் கையில் உள்ளது என்ற உணர்வு வேகக் குழுவிலும் தருக்கக் குழுவிலும் கூடியது, நினைவாற்றல் குழுவில் கூடவில்லை என்று பின்னர் பதிவாயிற்று. பேருந்து அரிதான அமெரிக்கப் புறநகரில் சாவியைத் துறப்பது என்பது கடை, தேவாலயம், நண்பர் வீடு ஆகியவற்றையும் சேர்த்துத் துறப்பதாகும். மூளைத் தேய்வு தடைப்பட்டதால் மனம் தேறியது என்பதைவிட, நடமாட்டம் நீடித்ததால் மனம் சாயவில்லை என்ற விளக்கம் ஓராண்டு என்ற குறுகிய கால அளவோடு நன்கு பொருந்துகிறது. எனினும் இத்தொடரின் கண்ணிகள் தனித்தனியாகவே அளக்கப்பட்டவை. ஒரே ஆளிடம் ஒன்றன்பின் ஒன்றாக அவை நிகழ்ந்ததாக இன்னும் காட்டப்படவில்லை.

2026-இல், இதே ஆய்வில் பங்கேற்றவர்களின் இருபதாண்டு மெடிக்கேர் (அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு) பதிவுகளைக் கொண்டு வந்த பகுப்பாய்வில், வேகப் பயிற்சியோடு பூஸ்டரும் பெற்றவர்களிடம் டிமென்ஷியா பதிவு 25 விழுக்காடு குறைவு. பூஸ்டர் பெறாத வேகக் குழுவினருக்குக் குறைவு இல்லை. முழுக் குழுவுக்கும் 2017-இல் கோரப்பட்ட பயன் இதனால் உறுதிப்படவில்லை, ஒரு பகுதிக்குச் சுருங்கியது. மேலும் பூஸ்டருக்குத் தகுதி பெற்றவர்கள் பத்தில் எட்டு அமர்வுகளையாவது முடித்தவர்கள். பயிற்சியற்ற குழுவுக்கு அத்தகைய சல்லடை வைக்கப்படவில்லை. எட்டு அமர்வுகளை முடித்தவர்களுக்குள்ளேயே, குலுக்கலில் பூஸ்டர் கிடைத்தவரையும் கிடைக்காதவரையும் மட்டும் ஒப்பிடுவதே இக்கேள்விக்குரிய நேரான ஒப்பீடு.