அப்ரண்டிஸ் என்றொரு வருஷம்

எங்கள் மரக்காணத்து உப்பளக்காரர் வீடுகளில், "பையன் கம்பெனியில் இருக்கிறான்" என்று சொன்னால், பல சமயம் அது ஒரு வருஷ அப்ரண்டிஸ் என்றுதான் பொருள். டிப்ளமோவோ பி.இ.யோ முடித்துவிட்டு ஒரகடம், மறைமலை நகர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போயிருப்பான். பன்னிரண்டு மாதம் முடிந்ததும் பெட்டியோடு வந்து நிற்பான். "நல்ல வேலையை ஏண்டா விட்டே?" என்று தாத்தா கேட்பார். அவன் வேலையை விடவில்லை. சட்டத்தின் கண்ணில் அது வேலையாகவே இருந்ததில்லை. இந்தக் குழப்பத்துக்கு அறுபது வருஷத்துக்கு மேல் வயது. அது எங்கே தொடங்கியது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

கம்பெனி பயிற்சிக்கு ஆள் எடுப்பது சோழமண்டலக் கரைக்குப் புதிதல்ல. சென்னைக் கோட்டையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டிலேயே தன் ஆட்களுக்குப் படிக்கட்டு போட்டு வைத்திருந்தது. அப்ரண்டிஸ், ரைட்டர், ஃபாக்டர், மெர்ச்சன்ட் என்று வரிசை. ராபர்ட் கிளைவ் 1744இல் சென்னையில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 18, பதவி ரைட்டர், சம்பளம் வருஷத்துக்கு 5 பவுன். (போலீஸ் ஸ்டேஷனில் இன்றும் ரைட்டர் உண்டு. நானும் ஆயுள் முழுக்க அந்த ஜாதிதான். ஆனால் கிளைவ் சேர்த்த சொத்தில் நூற்றில் ஒரு பங்கும் சேரவில்லை.) அந்தப் படிக்கட்டில் ஒரு நியாயம் இருந்தது. கீழ்ப்படியில் காலத்தைக் கழித்தவனுக்கு அடுத்த படி என்ன என்பது முன்கூட்டியே தெரியும்.

சுதந்திர இந்தியா போட்ட படிக்கட்டு வேறு மாதிரி. தொழிற்பழகுநர் சட்டம் 1961இல் நிறைவேறி, 1962 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பயிற்சி கொடுப்பதை ஆலைகளின் விருப்பத்துக்கு விடாமல் கடமையாக்கியது அந்தச் சட்டம். முதலில் ஃபிட்டர், டர்னர் போன்ற தொழில்களுக்கு மட்டும். அறுபதுகளின் பிற்பகுதியில் எஞ்சினியரிங் படித்தவர்களே வேலையில்லாமல் அலைந்தார்கள் என்பது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1973இல் சட்டத்தைத் திருத்தி, பட்டம், டிப்ளமோ முடித்தவர்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சிக் காலம் ஒரு வருஷம். 1986இல் பிளஸ் டூவில் தொழிற்பிரிவு படித்தவர்களும் சேர்ந்தார்கள். தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. பட்டதாரி, டிப்ளமோக்காரர்களுக்குச் சட்டம் குறிக்கும் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஆலைக்குத் திருப்பிக் கொடுத்து வந்தது.

இனி அந்தச் சட்டத்தின் உள்ளே நுழைவோம். சட்டப் பிரிவுகளைப் படித்துக் கோப்பில் குறிப்பெழுதியே காலம் தள்ளியவன் நான், பழக்கம் விடவில்லை. 18ஆம் பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுபவரே ஒழியத் தொழிலாளி அல்ல என்கிறது. ஆகவே தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவரைத் தொடாது. பாதுகாப்பு, சுகாதாரம், விபத்து இழப்பீடு ஆகியவற்றுக்கு மட்டும் தனியே வழி வைத்திருக்கிறார்கள். 13ஆம் பிரிவு, செய்த உருப்படியை எண்ணி அவருக்குக் கூலி தரக்கூடாது, உற்பத்தி போனஸிலும் பங்கில்லை என்கிறது. 22ஆம் பிரிவுதான் முக்கியம். பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுக்க வேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை என்று 1961இலேயே எழுதிவிட்டார்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு. பயிற்சி முடிந்தபின் இதே நிறுவனத்தில் பணிபுரிய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை இருந்தால், நிறுவனமும் வேலை கொடுத்தாக வேண்டும். அந்த வரி தன் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும் பையனை நான் இன்னும் சந்திக்கவில்லை.

உப்பளத்தில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் தலைகீழாகத் தெரிவதில் வியப்பில்லை. பாத்தி மிதிப்பதும், உவர்நீர் எப்போது உப்பாகத் திரளும் என்று பார்ப்பதும், பலகை போட்டு வாருவதும் அவன் அப்பாவோடு நின்று கற்றவை. கற்கும்போதே கூலியும் உண்டு. அம்பாரத்தில் எவ்வளவு ஏறியது என்பதுதான் கணக்கு. கற்பவன் வேறு, வேலை செய்பவன் வேறு என்ற பிரிவே அங்கே கிடையாது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் இதற்கு இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள். ஸ்தாஜியேர் என்றால் கொஞ்ச காலம் வந்து பார்த்துப் பழகிப் போகிற மாணவன். அப்ராந்தி என்றால் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டே சம்பளம் வாங்குகிறவன். 1971 ஜூலையில் வந்த சட்டம் அப்ராந்தியின் ஒப்பந்தத்தைத் தனி வகை வேலை ஒப்பந்தம் என்றே வைத்தது. அதாவது அங்கே அவன் தொழிலாளி. நாம் அப்ரண்டிஸ் என்ற பெயரைக் கொடுத்துவிட்டு, நிலைமையை ஸ்தாஜியேருடையதாக வைத்துவிட்டோம். என் அபிப்பிராயத்தில் குழப்பத்தின் வேர் இங்கேதான்.

உச்ச நீதிமன்றத்துக்கும் இது போயிற்று. உத்தரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் பயிற்சி முடித்தவர்கள் வேலை கேட்டுப் போட்ட வழக்கில் 1995இல் தீர்ப்பு வந்தது. வேலையை உரிமையாகக் கேட்க முடியாது. ஆனால் மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி முடித்தவருக்கே முன்னுரிமை தர வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகம் பெயரைப் பரிந்துரைக்க வேண்டியதில்லை. வயது வரம்பிலும் சலுகை காட்டலாம். பயிற்சி முடித்தவர் பட்டியலை வருஷவாரியாக வைத்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். 2014இல் வந்த திருத்தம், பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்றது. கொள்கை என்னவாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பையன் 2015இல் டிப்ளமோ முடித்து இப்படிப் போனான். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அப்போது டிப்ளமோக்காரர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 3,542 ரூபாய். ஆறு பேர் ஒரே அறையில். முதல் இரண்டு மாதம் அட்டைப் பெட்டி மடித்ததாகச் சொன்னான். அவன் அப்பாவுக்கு மாசி முதல் ஆவணி வரை பாத்தியில் ஒரு கை குறைந்தது. நாள் கூலி 300 ரூபாய்க்கு ஆள் வைத்தார். திண்ணையில் உட்கார்ந்து அவரும் நானும் கணக்குப் போட்டோம். மாதம் 25 நாளுக்கு 7,500. பையன் வாங்குவதில் ஒரு காசு வீட்டுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, கையைவிட்டு இவ்வளவு போகிறதே என்றார். "வருஷம் முடிஞ்சா பர்மனென்ட் ஆயிடும்ங்க" என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். நான் 22ஆம் பிரிவைச் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. சில நாள் பேசாமலும் இருந்தார்.

அதற்கப்புறம் பையனை மெயின்டனன்ஸ் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே ஓய்வுக்கு ஒரு வருஷமே பாக்கியிருந்த ஃபோர்மேன் ஒருவர். ஷிஃப்ட் முடிந்தபிறகும் அவனை நிறுத்திவைத்து, ஓடுகிற மோட்டாரில் ஸ்க்ரூடிரைவரை வைத்து, பிடியைக் காதோடு சேர்த்து, பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று கேட்கச் சொல்வாராம். ஒப்பந்தத் தாளில் இது எதுவும் இல்லை. பன்னிரண்டு மாதம் முடிந்து சான்றிதழோடு அனுப்பிவிட்டார்கள், பர்மனென்ட் ஆகவில்லை. ஏழு மாதம் வீட்டில் இருந்தான். அப்பாவோடு உப்பு வாரினான். பிறகு புதுச்சேரிப் பக்கம் ஒரு சிறிய தொழிற்சாலையில் மோட்டார், பம்பு பார்க்கும் வேலை கிடைத்தது. நேர்காணலில் சான்றிதழை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த பம்பு ஒன்றைக் காட்டி, "இதில் என்ன கோளாறு?" என்று கேட்டார்களாம்.

2019இல் புதிய விதிகள் வந்து, குறைந்தபட்சம் டிப்ளமோவுக்கு 8,000, பட்டத்துக்கு 9,000 என்று ஆயிற்று. அவன் தங்கையும் இப்போது டிப்ளமோ கடைசி வருஷம். அப்ரண்டிஸுக்குக் கூப்பிட்டால் கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத் தாளை என்னிடம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். "கட்டாயம் கொண்டாறேன் தாத்தா" என்றது பெண். அவள் அப்பா இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை.